கறை என்று நான் துடைத்தது

கோமதிக்கு,

நான் ராக்கெட்டை உடைக்கவில்லை. மற்ற எதையும் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். உன் ஆய்வுக்கூடத்தில் குடும்பத்தாரை உள்ளே அழைத்துப் போகும் நாளில் நான் வந்து போனதிலிருந்து நம் ஸ்ரீவராகம் பகுதியில் என் பெயர் நன்றாகவே அடிபடுகிறது. ஏதோ விலை உயர்ந்த பாகத்தைக் கீழே போட்டேன் என்கிறார்கள். உன் மேலதிகாரி என்னை வெளியே அனுப்பினார் என்றும், நான் அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறினேன் என்றும் சொல்கிறார்கள். எதிர் வீட்டு மங்களம், பால் வாங்க நின்ற இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, நீங்க ராக்கெட்டைத் தேச்சு ஒடச்சுட்டேளாமே, வாஸ்தவமா?" ராக்கெட் இல்லை, ஒரு டர்பைனின் பிளேடு என்றேன். "பிளேடா? சவரம் பண்றதா? அதுக்கா இத்தனை அமர்க்களம், கடையில கிடைக்குமே" என்று கேட்டுவிட்டு எனக்கே ஆறுதல் சொல்லிப் போனாள்.

நடந்தது இதுதான். எதுவும் கீழே விழவில்லை. யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. உன் மேலதிகாரி எனக்குத் தேநீர் கொடுத்தார், அதில் சர்க்கரை அதிகம். என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை, ஆனால் அது அவமானத்தால் வந்ததில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு பொருளைத் துடைத்தேன். நம் தெரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். கொலு வைப்பதைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். ஊரெல்லாம் பேசியதை ஊருக்கு முன்னால் திருத்துவதுதான் முறை. உனக்கு ஒரு நகல் முன்னதாகவே தபாலில் வருகிறது. இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசிவரை படித்தால் உனக்கே புரியும்.

அன்று காலை நீ எனக்குக் காலுக்கு உறையும் தலைக்குத் தொப்பியும் புடவைக்கு மேல் ஒரு வெள்ளைக் கோட்டும் போட்டுவிட்டாய். கோட்டின் கை எனக்கு நீளம். இரண்டு பக்கமும் அளவாக மடித்துவிட்டாய். உன் மடிப்பைப் பார்த்தேன், இரண்டும் ஒரே அளவாக இருந்தன. என் பெண் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு தரையில் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினாய். "அம்மா, இதைத் தாண்டாதே. சித்தே இங்கேயே இரு, நான் மிஷினைத் தயார் பண்ணிட்டு வரேன்" என்றாய். நான் தாண்டவில்லை. ஆனால் பிளேடு வைத்திருந்த தட்டை உன்னோடு வேலை செய்யும் ஷிபு அந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மேஜையில்தான் வைத்தான், நான் பக்கத்தில் பார்க்கட்டும் என்கிற நல்ல எண்ணத்தில். அவன்மேல் குற்றமில்லை. இதையும் எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

உள்ளங்கை அளவுதான் இருந்தது அந்தப் பிளேடு. நெளிந்து வளைந்து, எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான இடம் ஒன்றுகூட இல்லாமல், பெரிய பறவை ஒன்றின் இறகை உலோகத்தில் வார்த்ததுபோல் இருந்தது. அதன் முதுகில் கண்ணாடிபோல் ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பின் ஓரத்தில், மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அப்படி ஊதாவும் பச்சையுமாக ஒரு கறை. நீ முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாய். ஷிபு ஏதோ கம்பியைச் சரி செய்துகொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு சுத்தமான அறையில், இத்தனை பேர் பார்க்க வரும் நாளில், என் பெண்ணின் மேஜையில் கறையோடு ஒரு பொருளா? வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து புடவைத் தலைப்பை இழுத்துத் துடைத்துவிட்டேன். ஷிபு திரும்பிப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். "அய்யோ அம்மே, அது அழுக்கல்லா. அதாணு ஃபிலிம்."

நான் அழுக்கு என்று நினைத்ததுதான் உங்கள் வேலை. அந்த நிறம் எப்படி வந்தது என்று பிறகு நீ சொன்னாய். உலோகத்தின் மேல் மின்சாரம் கசியாமல் இருக்கக் கண்ணாடிபோன்ற ஒரு படலம் இடுகிறீர்கள். அது அத்தனை மெல்லியது என்பதால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்போது நிறம் நிறமாகப் பிரிகிறது. அதன் மேல் உலோகத்தில் இன்னொரு படலம், காற்றே இல்லாத பெட்டிக்குள் வைத்து, துகள் துகளாகப் படியவைத்தது. தலைமுடியைப் பல கூறாக வகிர்ந்தால் அதில் ஒரு கூறு என்றாய். எழுபத்தாறு வயதில் என் கண்ணுக்கு எட்டியது அந்த நிறம் மட்டும்தான். அதையும் கறை என்று துடைத்தேன். நீ கத்தவில்லை, முகம்கூட மாறவில்லை. ஏதோ திரவத்தில் நனைத்த துணியால் அந்த இடத்தை மெதுவாக ஒற்றினாய், நுண்ணோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்து, "பரவாயில்லேம்மா" என்றாய். அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள். அதற்குத் திரும்பி வருவேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை இந்தத் தெருவில் எத்தனை பேரிடம் சொல்ல முயன்றேன் என்று உனக்குத் தெரியாது. பிளேடின் மேல் லேசரால் கோடு வெட்டப்போகிறோம் என்று நீ சொன்னதும் சினிமாவில் வருவதுபோல் ஒரு சிவப்புக் கோடு பாயும் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. நீ கதவை மூடினாய். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னாய். முதலில் ஒரு மெல்லிய வெளிச்சம் பிளேடின் மேல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. வெட்டுவதற்கு முன்னால் அது பிளேடைத் தடவிப் பார்த்து அளவெடுக்கிறது என்றாய். அச்சில் வார்த்தாலும் இரண்டு பிளேடு ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் எந்தப் பிளேடு எதிரே இருக்கிறதோ அதன் வளைவுக்குத் தகுந்தபடி வரைபடத்தைக் கணினி புதிதாக வளைத்துக்கொள்ளும் என்றாய். எனக்கு அது உடனே புரிந்தது. கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் முதல் வகுப்பிலேயே ஒரு தட்டைத் துணியை என் தோளில் போட்டு, எங்கே சுருக்கம் விழுகிறது என்று எல்லோருக்கும் காட்டினார். உடம்பு வளைவு, துணி தட்டை. ஆகவே ரவிக்கையில் உள்பக்கம் மடித்துத் தைத்து டாட் பிடித்தே ஆகவேண்டும். உங்கள் பிளேடுக்கு டாட் பிடிக்க முடியாது. முன்பெல்லாம் பிளேடு படும் பாட்டை அளக்கும் உணரியை, சென்சார் என்கிறீர்களே அதை, தட்டையாகச் செய்து பசை போட்டு ஒட்டுவார்களாம். சூட்டில் பசை விட்டுவிடும், காற்றில் பிய்த்துக்கொண்டு போகும், ஒட்டிய இடமே ஒரு மேடாகி பிளேடின் வேலையைக் கெடுக்கும். அதனால்தான் தைத்து மாட்டாமல், உடம்பின் மேலேயே சட்டையை வளரவிட்டு, வேண்டாத இடத்தை வெளிச்சத்தால் எடுத்துவிடுகிறீர்கள்.

பிறகு பிளேடு அசையத் தொடங்கியது. அந்த இயந்திரத்தின் இரண்டு கைகள் அதைப் பிடித்திருந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது, கழுத்தைத் தாங்கி, கணுக்காலைப் பிடித்து, தண்ணீர் படவேண்டிய இடத்தை மட்டும் மேலே காட்டித் திருப்புவோமே, அப்படித் திருப்பியது. சாய்த்தது, நிமிர்த்தியது, கொஞ்சம் சுழற்றியது. வெளிச்சம் மேலே நின்ற இடத்திலேயே நின்று லேசாக மட்டும் நகர்ந்தது. வளைவின் ஒவ்வொரு இடமும் தானே வந்து அதற்கு முகம் காட்டியது. கண்ணுக்குத் தெரிந்தது ஊசிமுனை அளவு ஒரு நீலப் பொறி. காதுக்குக் கேட்டது கொசுவின் ரீங்காரம் போன்ற ஒரு சத்தம். அந்தப் பொறி பட்ட இடத்தில் உலோகப் படலம் மறைந்துபோனது. அதற்கு அடியிலிருந்த கண்ணாடிப் படலம் அப்படியே இருந்தது. சூடு கீழே இறங்குவதற்குள் வெளிச்சம் அடித்து முடித்துவிடுகிறது என்றாய். இமைப்பதைவிடவா வேகம் என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அம்மா, இமைக்கிறது அதுக்கு ஒரு யுகமாக்கும்."

கோலம் போடுகிற மாதிரியா என்று மங்களம் கேட்டாள். இல்லை என்றேன். கோலத்தில் மாவை இடுகிறோம். இங்கே இட்டதை எடுக்கிறார்கள். எடுத்ததற்கு நடுவில் மிஞ்சி நிற்பதுதான் உணரி. பெரிதாக்கிக் காட்டிய திரையில் அந்தக் கோடு மெல்ல மெல்ல வெளிப்பட்டது. புடவைக் கொசுவத்தை மேலிருந்து பார்த்தால் தெரிவதுபோல், போய்த் திரும்பி, போய்த் திரும்பி, எங்கும் அறுபடாத ஒரே கோடு. பிளேடு சுழலும்போது துளி நீண்டாலும் அந்தக் கோடும் கூடவே நீளும். நீண்ட கோட்டில் மின்சாரம் போவதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிரமப்படும். அந்தச் சிரமத்தை அளந்தால், உள்ளே நெருப்புக் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும் உலோகம் என்ன பாடுபடுகிறது என்று வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பத்மநாபசுவாமியை மூன்று வாசல் வழியாகப் பகுதி பகுதியாகப் பார்த்து மனதில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளப் பழகியவள் நான். அன்றும் அப்படித்தான் பார்த்தேன். ஜன்னலில் பிளேடின் ஒரு கீற்று, திரையில் அந்தக் கோடு, பக்கத்தில் உன் முகம். நீ என்னை மறந்துவிட்டிருந்தாய். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, ஐந்து வயதில் முதன்முதலாக ஊசியில் நூல் கோத்தபோது வைத்திருந்த அதே முகத்தோடு நின்றாய். என் கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான். மலரைப் படிக்கிறவர்கள், யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது நீ கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாய். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம், அந்தக் கோட்டின் மேல் காப்பாக இன்னொரு படலம் போட்டீர்கள், கம்பி இணைத்தீர்கள் என்பதெல்லாம் உன் தொலைபேசிப் பேச்சில் அரைகுறையாகக் கேட்டது. அந்தப் பிளேடை நிஜமாகவே சுழற்றிப் பார்க்கும் சோதனைக்காக நீ பெங்களூருக்குப் புறப்பட்ட அன்று தம்பானூர் ரயில் நிலையத்துக்கு நானும் வந்தேன். பிளேடு இருந்த பெட்டியை இருக்கைக்கு அடியில் வைக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாய். நீ தண்ணீர் வாங்க இறங்கினபோது வழியனுப்ப வந்திருந்த ஷிபுவிடம், எல்லாம் நன்றாக இருக்கிறதல்லவா என்று சும்மாதான் கேட்டேன். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்தச் சோதனையில் கோடு உரிந்தால் வளைந்த பாகங்களில் படலம் நிற்காது என்று மேலே முடிவு செய்துவிடுவார்கள், உங்கள் குழுவைக் கலைத்துவிடுவார்கள் என்றான். பிறகு, "ஓரத்தில் ஒரு சின்ன பொக்கம் கண்டு, அம்மே. அது மாத்ரமே பேடியுள்ளூ" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பொக்கம் என்றால் மேடு. காப்புப் படலம் ஓரிடத்தில் சரியாகப் பிடிக்காமல் லேசாக எழும்பியிருக்கிறது; அதுதான் பயம் என்கிறான். எந்த ஓரம் என்று கேட்டேன். ரயிலின் பெயர்ப்பலகையை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நீ தண்ணீர் பாட்டிலோடு வந்தாய். நான் துடைத்த ஓரமா என்று கேட்டேன். நீ என் கையைப் பிடித்து, "பரவாயில்லேம்மா, நீ போய் ரெஸ்ட் எடு" என்றாய். வண்டி நகர்ந்துவிட்டது.

இந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும், கோமதி. உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் சாயங்காலம் நீ டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து இதையே சொன்னாய். நான் நம்பினேன். நம்பியதால், வீட்டிலிருந்து கொண்டுபோன ரசஞ்சாதத்தை அவர் பாதியில் ஒதுக்கியபோது, ஒரு மனிதன் மனது வைத்தால் சாப்பிட முடியாதா என்று கோபித்துக்கொண்டேன். அவர் என்னைத் திருப்தி செய்வதற்காக இன்னும் இரண்டு கவளம் விழுங்கினார். உனக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் கடைசி இரண்டு நாளில் சொன்னாய். நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாய். தெரிந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்; அந்த இரண்டு கவளத்தை மட்டும் ஊட்டியிருக்கமாட்டேன். இதை உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. உனக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. நீ தேய்த்து வைத்த விளக்கை உன் கண்ணெதிரிலேயே மறுபடி புளி போட்டுத் தேய்த்தவள் நான். நீ வரைந்த இந்தியப் படத்தில் கேரளக் கடற்கரை கோணல் என்று கிழித்து மறுபடி வரையச் சொன்னவள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் எதையும் உள்ளபடி சொல்லாமல் பரவாயில்லை என்று கடந்து போவதுதான் குழந்தைக்கு வசதி. ஆனால் அதே பழக்கத்தோடு உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நடந்துகொள்ளாதே. தப்பு நடந்தால் எங்கே என்று விரல் வைத்துச் சொல். சொன்ன பிறகு அதையே மறுபடி சொல்லாதே. இரண்டாவது பாதிதான் எனக்கு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பிளேடைத் தொட்டதை நீ உன் அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். அம்மாவின் பெயர் ஒரு அறிக்கையில் வரக்கூடாது என்று நினைத்திருப்பாய். இப்போது அந்தக் கோடு உரிந்தால் பழி எதன்மேல் விழும்? வளைவின்மேல் விழும், லேசரின்மேல் விழும், உங்கள் அத்தனை பேரின் உழைப்பின்மேல் விழும். உரித்தது ஒரு கிழவியின் தலைப்பில் இருந்த எண்ணெயாக இருக்கலாம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். நான் பார்த்த அந்த அற்புதத்தை என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நீ பலி கொடுப்பாயானால், அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேறு இல்லை. மங்களம் ராக்கெட் என்று சொல்லிக்கொண்டு போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆகவே நான் செய்ததை நானே எழுதி, என் தெருவில் அச்சிடக் கொடுக்கிறேன். இனிமேல் மறைப்பதற்கு உனக்கு எதுவும் மிச்சமில்லை. அன்று காலை தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டேன். ஈரத் தலையைத் தலைப்பால் துவட்டினேன்; அவசரத்தில் புடவை மாற்றவில்லை. அந்தத் தலைப்பால்தான் துடைத்தேன். பிளேடின் முதுகுப் பக்கம், நிறம் தெரிந்த ஓரத்தில், அகலமான முனையிலிருந்து குறுகலான முனை நோக்கி, ஒரே இழுப்பாக. கொஞ்சம் அழுத்தியே துடைத்தேன், எதையும் அழுத்தாமல் துடைப்பது என் வழக்கமில்லை. உலோகப் படலத்தின் மேலும் தலைப்பு பட்டிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை அப்படியே உன் அறிக்கையில் சேர்த்து, உன் மேலதிகாரிக்கு அனுப்பு. சாட்சியாக என் கையெழுத்து வேண்டுமென்றால் போட்டுத் தருகிறேன். கோடு நின்றுவிட்டாலும் அனுப்பு. எண்ணெய்க் கையையும் தாங்கி நின்றது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதானே?

நெருப்புக்கு நடுவில் சுழலும் ஒரு பொருளைத் தன் கஷ்டத்தைத் தானே சொல்லவைக்கிறாய். அது உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்பதற்காக இத்தனை பாடுபடுகிறாய். பிளேடு உன்னிடம் பரவாயில்லை என்று சொன்னால் அதை நீ ஏற்றுக்கொள்வாயா?

சோதனை முடிந்ததும் எனக்குக் கடிதம் எழுது. தொலைபேசியில் வேண்டாம், உன் குரல் என்னைச் சமாதானப்படுத்திவிடும். கோடு நின்றதா, உரிந்ததா என்று எழுது. உரிந்திருந்தால் எந்த ஓரத்தில் தொடங்கியது என்று எழுது. அறிக்கையை அனுப்பினாயா என்பதையும் எழுது. தமிழோ மலையாளமோ இங்கிலீஷோ, எதில் எழுதினாலும் படிப்பேன். தப்பு இருந்தாலும் திருத்தமாட்டேன். உன் கையால் எழுதிய பதில் எனக்கு வேண்டும்.

அம்மா